மனையா, அடுக்குமாடியா?

சென்னையில் ஏழைகளுக்கு அரசு வீடு தந்த இரண்டு விதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1977-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய திட்டத்தில், அப்போது ஊர் எல்லையாக இருந்த அரும்பாக்கம், வில்லிவாக்கம் பக்கம் சின்னச் சின்ன மனைகள் பிரித்துத் தந்தார்கள். ரோடு, தண்ணீர், சாக்கடை, ஒரு கழிப்பறை. மீதியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் ஏற்பாடு. பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். அதனால் ஒரே பகுதியில் பல வருமானக்காரர்களும் குடியேறினார்கள்.

இன்னொரு விதம், நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கம் அடுக்குமாடிகள். அங்கே கட்டிய வீடே கிடைக்கிறது. எட்டு மாடி வரை போகும் கட்டடங்கள், 20,000-க்கும் மேல் வீடுகள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். கூரை ஒழுகாது, மழை வெள்ளத்தில் குடிசை போய்விடுமோ என்ற பயம் இல்லை. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் வீட்டு வேலைக்குப் போகிறவர் பழைய இடத்துக்குப் போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும். லிஃப்ட் நின்றால் குடத்தோடு படியேற வேண்டும்.

மனையில் கையில் காசு சேர்ந்தபோது ஒரு அறை, மகன் கல்யாணத்துக்கு மாடி, முன்பக்கம் ஒரு இட்லிக்கடை என்று வீடு வளரும். ஏழாவது மாடியில் இட்லிக்கடை எங்கே போடுவது? அவசரத்துக்கு அடுக்குமாடி சரி. நிலம் இருக்கிற இடத்தில் என் ஓட்டு மனைக்குத்தான், அதுவும் வேலைக்குப் பக்கத்தில் கிடைத்தால்.