இரு கைக் கோலுக்கு எந்த ரீல்?

13 அடி நீளம், 7ஆம் எண் எடைப் பிரிவு (எறியும் தூண்டில் கயிறான லைனின் எடையைக் குறிக்கும் எண்). சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களுக்கு இரு கை ஃப்ளை கோல், அதாவது ஃப்ளை என்னும் செயற்கைப் பூச்சியை இரு கையாலும் எறியும் தூண்டில் கோல், வாங்க நினைப்பவர்களில் பலர் முதலில் வந்து நிற்பது இந்தக் கோலில்தான். கோலும் 7, லைனைச் சுற்றி வைக்கும் ரீலின் பெட்டியிலும் 7/8 என்று போட்டிருக்கிறதே என்று அதையே எடுத்துவிட்டால் வம்பு. பெட்டியில் உள்ள எண் ஒற்றைக் கைக் கோலுக்கானது. ஒற்றைக் கை 7ஆம் எண் லைனின் முதல் 30 அடி 185 கிரெய்ன், அதாவது 12 கிராம். அதே 7 எழுதிய இரு கைக் கோலுக்குப் போடும் ஸ்காஜிட் ஹெட், அதாவது லைனின் முன்னால் வரும் குட்டையான கனத்த பகுதி, 500 கிரெய்னைத் தொடும். 32 கிராம் வரும். அதன் பின்னால் 100 அடி ரன்னிங் லைன் என்னும் மெல்லிய லைன், அதற்கும் பின்னால் மீன் நெடுந்தூரம் ஓடினால் உருவுவதற்கு 150, 200 கெஜம் பேக்கிங் நூல். எனவே 9/10 அல்லது 10/11 என்று போட்ட ரீல்களிலிருந்துதான் தேடவே ஆரம்பிக்க வேண்டும்.

அந்த அளவில் மூன்று வகைகள் போட்டிக்கு நிற்கின்றன. ஹார்டி நிறுவனத்தின் பெர்ஃபெக்ட், மார்க்விஸ் ரீல்களின் வழிவந்த, கிளிக் ஒலியோடு லேசாக மட்டும் தடுக்கும் கிளிக் ரீல் ஒன்று. லைன் சுற்றும் நடுத்தண்டு அகன்ற, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, எடை குறைந்த டிஸ்க் பிரேக் ரீல் இரண்டாவது. சுற்றிலும் கூண்டுபோல் சட்டம் அடைத்த, கனமான டிஸ்க் பிரேக் ரீல் மூன்றாவது.

கடைகளில் பேச்செல்லாம் பிரேக்கைப் பற்றித்தான் ஓடும். என்னைக் கேட்டால் பிரேக் மூன்றாவது கேள்வி, எடைதான் முதலாவது. இரு கைக் கோலில் ரீல் முதலில் ஒரு எதிர்ப்பாரம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவின் அடியில் கல் கட்டுவதும் இதே கணக்குத்தான். ஃப்ளை ஆற்றின் குறுக்கே மெல்ல வளைந்து வரும் நேரம் முழுவதும் கோலை நீட்டிப் பிடித்தபடி நிற்க வேண்டும். நுனி கனத்தால் மேல்கை மணிக்கட்டு மதியத்துக்குள் கெஞ்சத் தொடங்கிவிடும்.

எவ்வளவு எடை வேண்டும் என்பதை வீட்டிலேயே கணக்குப் போடலாம். ரீல் மாட்டாத கோலை ஒரு விரலில் வைத்து, எங்கே சமமாக நிற்கிறது என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, கோல் 210 கிராம், சமநிலை அடிமுனையிலிருந்து 112 செ.மீ., மேல்கை பிடிக்கும் இடம் 52 செ.மீ., ரீல் உட்காரும் இடத்தின் நடு 14 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல்கையிலிருந்து கோலின் சமநிலை 60 செ.மீ. முன்னே, ரீல் 38 செ.மீ. பின்னே. 210-ஐ 60-ஆல் பெருக்கி 38-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 330 கிராம். பேக்கிங்கும் ரன்னிங் லைனும் சுற்றிய ரீலின் எடை அது. ஹெட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மீன்பிடிக்கும்போது அது ரீலிலா இருக்கிறது, தண்ணீரில் அல்லவா கிடக்கிறது! கொஞ்சம் அடிப்பக்கம் தாழ்ந்தால் பரவாயில்லை, நுனிப்பக்கம் தாழ்வதுதான் தொல்லை.

இந்தக் கணக்கில் லேசான ரீல் தடுமாறும். வெறும் ரீல் 200 கிராமை ஒட்டி இருந்தால், எல்லாம் சுற்றிய பிறகும் 330-ஐ எட்டுவது கடினம். கடல் மீனுக்கும் ஒற்றைக் கைக் கோலுக்கும் எடையைக் குறைக்கப் பாடுபட்டு வடிவமைத்த பொருள் அது. அதன் பெருமையே இங்கே குறையாகிவிடுகிறது. ஆனால் ஒரு கையாலும் இரு கையாலும் எறியக்கூடிய 11 அடி ஸ்விட்ச் கோலுக்கு அதுவே போதும். கீழ்க்கையால் இழுத்து எறியும் ஸ்காண்டிநேவிய பாணிக்காரர்களிலும் லேசான ரீலை விரும்புகிறவர்கள் உண்டு; கீழ்க்கை அசைவுக்குப் பாரம் தடையாகிறது என்பார்கள். 14, 15 அடிக் கோல் என்றால் பேச்சே வேண்டாம், கனமான ரீல்தான்.

இரண்டாவது கேள்வி, எந்த லைன். ஹெட் மட்டுமே 65 அடி போகும் பழைய பாணி நீள லைனுக்கு அகன்ற ஸ்பூல் (ரீலில் லைன் சுற்றும் உருளை) இல்லாமல் முடியாது. ஸ்காஜிட்காரருக்கு இடம் பிரச்சினை இல்லை, சிக்கல் வேறிடத்தில். குட்டை ஹெட்டுக்குப் பின்னால் பலர் தங்கூசியையே (ஒற்றை நைலான் இழை) ரன்னிங் லைனாகப் போடுகிறார்கள். மெல்லியது, வழுக்கும், எறிந்தால் பறக்கும். அதே மெல்லிசுதான் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நழுவி வெளியே வந்து சிக்குவதற்கும் காரணம். மீன் ஓடும்போது இது நடந்தால் மீனும் போகும், லைனும் நசுங்கும். கூண்டுச் சட்ட ரீல் தன் விலைக்கு நியாயம் சொல்வது இங்கேதான். தடித்த ரன்னிங் லைன் போடுகிறவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இனி பிரேக். இதற்கு விடை கடையில் இல்லை, நீங்கள் போகும் ஆற்றில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் ஐந்து கிலோவுக்கு உட்பட்ட சால்மனுக்குக் கிளிக் ரீலும் அதன் விளிம்பை அழுத்தும் உள்ளங்கையும் தாராளமாகப் போதும். 1891-இல் இங்கிலாந்தின் ஆனிக் நகரத்து ஹார்டி சகோதரர்கள் விற்கத் தொடங்கிய பெர்ஃபெக்ட்டின் பரம்பரை இன்னும் ஆற்றங்கரையில் உயிரோடு இருப்பதற்கு ஏக்கம் மட்டும் காரணமல்ல. குறுக்கே வளைந்துவரும் ஃப்ளையைச் சால்மன் கவ்வித் திரும்பும்போது லைன் இலகுவாக உருவ வேண்டும். அப்போதுதான் கொக்கி வாயோரத்தில் மாட்டும். இறுக்கி வைத்த டிஸ்க் பிரேக் அந்த நொடியில் ஃப்ளையை வாயிலிருந்து பிடுங்கிவிடக்கூடும். கிளிக் ரீலில் அப்படி இறுக்கவே வழியில்லை. அதன் சத்தமும் ஒரு சுகம், மறைப்பானேன்.

ட்ரொண்ட்ஹெய்ம் அருகே கௌலா ஆற்றுக்குப் போகும் நார்வே தமிழர்களுக்கு இதையே சொல்ல மாட்டேன். அங்கே பத்துக் கிலோவைத் தாண்டும் மீன் அபூர்வமல்ல. பனி உருகிய வெள்ளத்தோடு சேர்ந்து அது கீழ்நோக்கி ஓடினால், சுழலும் விளிம்பில் உள்ளங்கை வைத்துத் தடுப்பது விரலுக்கே ஆபத்து. மூடிய டிஸ்க் பிரேக்கே சரி. கவ்வும் வரை தளர்த்தி வைத்து, பிறகு இறுக்கிக்கொள்ளலாம். அதே மீன் திடீரெனத் திரும்பி நம்மை நோக்கி வந்தால் அகன்ற நடுத்தண்டு கைகொடுக்கும். சுற்று விட்டம் 10 செ.மீ. இருக்கும் ஸ்பூல் ஒரு சுற்றுக்கு 31 செ.மீ. லைனை இழுக்கும்; பாதி காலியாகி விட்டம் 5 செ.மீ. ஆகிவிட்ட பழைய குறுந்தண்டு ஸ்பூல் 16 செ.மீ.தான்.

என் ஓட்டு: 13 அடி 7ஆம் எண் கோலில் ஸ்காஜிட் அல்லது ஸ்காண்டி (ஸ்காண்டிநேவிய பாணி) ஹெட் போடுகிறவர், ஒரே ஒரு ரீல்தான் வாங்க முடியும் என்றால் கூண்டுச் சட்ட டிஸ்க் ரீல். சின்ன மீன், அமைதியான ஆறு என்றால் விளிம்பு வெளியே தெரியும் மார்க்விஸ் வகைக் கிளிக் ரீல், மனசாட்சி உறுத்தாமல் வாங்கலாம். பழைய பெர்ஃபெக்ட் கிடைத்தால் இடக்கைக்குச் செய்ததா வலக்கைக்கா என்று முதலில் பாருங்கள். வாங்கிய பிறகு மாற்றிக்கொள்வது எளிதல்ல.

லேசான ரீல் ஏற்கெனவே கையில் இருக்கிறதா? விற்க வேண்டாம். பேக்கிங்குக்கு அடியில் ஈயக்கம்பி உள்ளே ஓடும் ட்ரோலிங் (படகிலிருந்து இழுத்து மீன்பிடிக்கும்) லைனைச் சில சுற்றுப் போட்டு, கணக்கில் குறையும் கிராமை ஈடுகட்டிவிடலாம். அதற்கு ஸ்பூலில் இடம் மிஞ்ச வேண்டும். ஆகவே முதலில் பேக்கிங்கின் நீளத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.