ஏஏ கூட்டம்: கட்டணமும் இல்லை, அறிவுரையும் இல்லை

மறுவாழ்வு மையத்தில் மாதக்கணக்கில் இருந்து குடியை நிறுத்திவிட்டு வீடு திரும்புகிறவருக்கு உண்மையான சோதனை மாலை ஏழு மணி. டாஸ்மாக்கில் கூட்டம் முண்டும் நேரம் அது. அந்த நேரத்தில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். அதற்கு, குடிநோயாளிகளே கூடி அனுபவம் பேசி ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ அளவுக்குப் பொருத்தமான சேவை வேறு இல்லை.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். இந்தியாவுக்கு 1957இல் வந்தது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேருவதற்கான தகுதி. கட்டணம் கிடையாது. கடைசியில் சுற்றிவரும் பையில் விருப்பப்பட்டதைப் போடலாம், போடாமலும் விடலாம். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி.

பெரும்பாலும் சர்ச் ஹாலிலோ பள்ளி வகுப்பறையிலோ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். நடத்துகிறவரும் குடிநோயாளிதான். ஒரு பிரார்த்தனை, கொஞ்சம் வாசிப்பு, பிறகு ஷேரிங். "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, முன்பு எப்படி இருந்தேன், எது திருப்பியது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று பேசுவார்கள். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது, முடிந்ததும் புத்தி சொல்லக் கூடாது. இந்த ஒரு விதியில்தான் இந்தச் சேவையின் உயிர் இருக்கிறது. குவாட்டர் பாட்டிலைக் கயிற்றில் கட்டி மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்ததை ஒருவர் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். அவர்களும் தொட்டியில் இறக்கியவர்கள், அல்லது அரிசி டிரம்மில் புதைத்தவர்கள். இதையே வீட்டில் சொன்னால் சண்டை. டாக்டரிடம் சொன்னால் ஃபைலில் ஒரு வரி. இங்கே மட்டும்தான் சொன்னவரின் வெட்கம் கொஞ்சம் இறங்குகிறது. வெட்கத்தை மறக்கவே மறுபடி குடிப்பவர்கள் ஏராளம் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்துப் பார்த்தது. ஏஏவோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சையில் ஓராண்டு முடிவில் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்ற சிகிச்சைகளில் 35. பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள், ஆகவே நம்மூர் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

இனி குறைகள். முதலாவது ஆபத்தானது: தினமும் நிறையக் குடிப்பவர் கூட்டத்தை மட்டும் நம்பிச் சட்டென நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள், இல்லாத ஆட்கள் தெரிவதும் பிதற்றலும் வரலாம், உயிரே போகக்கூடும். ஆஸ்பத்திரி முதலில், கூட்டம் அதற்குப் பிறகு. அடுத்தது, மனநல மாத்திரையும் போதைதான் என்று சில மூத்த உறுப்பினர்கள் சொல்லிவிடுவது. ஏஏவின் சொந்த வழிகாட்டுதலே உறுப்பினர் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்கிறது. அப்படிச் சொல்பவரை ஸ்பான்சராக, அதாவது உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, வைத்துக்கொள்ள வேண்டாம். ஏஏவின் மீட்பு வழிமுறையான பன்னிரண்டு படிகளில் இறைசக்தி பற்றிய பேச்சு அதிகம். "அவரவர் புரிந்துகொண்டபடி" என்ற சலுகை இருந்தாலும் நாத்திகர்களுக்குக் கொஞ்சம் நெருடும். பெண்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு ஆன்லைன் கூட்டங்கள் தோதுப்படலாம். சின்ன ஊரில் முகம் தெரிந்துவிடும் பயமிருந்தால் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

குழுவுக்குக் குழு தரம் மாறும். ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்டாமல் இரண்டு மூன்று குழுக்களைப் பார்ப்பது நல்லது. முதல் நாள் பேச வேண்டியதில்லை, கேட்டால் போதும். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம்; மூடிய கூட்டம் குடிப்பழக்கத்தை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். மனைவி, பிள்ளைகளுக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு உண்டு. குடிப்பவர் குடியை நிறுத்தாவிட்டாலும் இவர்கள் அங்கே போகலாம், போகவும் வேண்டும்.

கிளம்பும்போது இரண்டு மூன்று பேர் நம்பரை வாங்குங்கள். புதியவர்கள் வாங்கி வைப்பதோடு சரி. முதல் கிளாஸுக்கு முன் அழைக்கத்தான் அந்த நம்பர். குடித்துவிட்டு அழைத்தாலும் திட்டமாட்டார்கள், அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு என்றுதான் சொல்வார்கள்.