"பேச்சு வந்த பிறகு கூட்டி வாருங்கள்" என்ற பள்ளியும், டப்பாவைத் தட்டிப் பார்த்த பால்வாடி டீச்சரும்

இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் மனதை விட்டு அகலாமல் நிற்பது ஒரு தனியார் மழலையர் பள்ளியின் அலுவலக அறைதான். மற்றதெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடியது, வங்கி வேலை முடிந்தது, அம்மாவுக்கும் உடம்பு பரவாயில்லை. அதையெல்லாம் எழுதக் கை வரவில்லை.

தம்பி மகனுக்கு இரண்டரை வயது. ஒரு சொல்கூட இன்னும் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. யாரிடம் சொன்னாலும், "ஆண் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும், அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்பதே பதில். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவியாயிற்று, திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டதும் ஆயிற்று. நாலு பிள்ளைகளோடு சேர்ந்தால் பேசிவிடுவான் என்ற நம்பிக்கையில், தாமிரபரணிப் பாசனத்துக் கிராமமான எங்கள் ஊரிலிருந்து பக்கத்து டவுன் பள்ளிக்கு, ப்ரீகேஜியில் சேர்க்கப் புறப்பட்டார்கள். நானும் உடன் போனேன்.

விண்ணப்பம் ஐந்நூறு ரூபாய், திரும்பத் தரப்படாது. தலைமை ஆசிரியை பிள்ளையை மேசை முன் உட்கார வைத்து, ஆப்பிள் படம் அச்சடித்த தாளையும் மெழுகு வண்ணக் குச்சிப் பெட்டியையும் நீட்டினார். "ரெட் எடு, ஆப்பிளுக்குக் கலர் அடி" என்றார் ஆங்கிலத்தில். பயல் பெட்டியைக் கவிழ்த்தான். குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசை விளிம்பையொட்டி அடுக்கத் தொடங்கினான். முழுக் குச்சிகள் ஒரு பக்கம், தேய்ந்தவை மறுபக்கம். நடுவில் ஒன்று உருண்டபோது, அதை எடுத்து அதன் இடத்திலேயே திரும்ப வைத்தான். தாளைப் பின்பக்கம் திருப்பி, பச்சைக் குச்சியால் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டுக்கொண்டே போனான். அந்த ஒருமுகத்தை நான் பார்த்துக்கொண்டிருக்க, ஆசிரியை அவன் கையிலிருந்த குச்சியை உருவிப் பெட்டியில் போட்டார். அவன் தலையை மேசையில் மோதிக்கொண்டு அலறினான்.

"சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை. மற்ற பெற்றோர் எங்களைக் கேட்பார்கள் அம்மா. அடுத்த வருடம் பேச்சு வந்த பிறகு கூட்டி வாருங்கள்" என்றார். விண்ணப்பத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. தம்பி மனைவி அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வீடு வரும் வரை அவள் பேசவில்லை. பிறகு, "மதினி, எங்கே போய்க் கேட்பது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாள்.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பேசாத பிள்ளையை முதன்முதலாக வெளியார் ஒருவர் உட்கார வைத்துப் பார்த்த நேரம் அது. பார்த்தவருக்கு ஏதோ சரியில்லை என்றும் தெரிந்துவிட்டது. அப்போது சொல்ல வேண்டியது ஒரு முகவரி. அவர் சொன்னது கெடு. அந்தப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கும் பெரிய பாக்கியம் ஒன்றுமில்லை. வராந்தா வழியாக எட்டிப் பார்த்தேன். மூன்று வயதுக் குழந்தைகள் நோட்டில் நிற்கும் கோடு, படுக்கும் கோடு, சாய்ந்த கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை விளையாட்டு வழிக் கல்விக்குரியது என்கிறது. அந்த வராந்தாவில் விளையாட்டு சுவரில் ஓவியமாக மட்டுமே இருந்தது.

என் இளையவனுக்கும் இதே சந்தேகம் வந்தது. அப்போது நாங்கள் அமெரிக்காவில், நியூஜெர்சியில்தான் இருந்தோம். பதினெட்டாம் மாதப் பரிசோதனையில் மருத்துவர் கொடுத்த கேள்வித்தாளில், விரல் நீட்டிக் காட்டுகிறானா, பெயரைக் கூப்பிட்டால் திரும்புகிறானா, பொய்யாகச் சமைத்து விளையாடுகிறானா என்றெல்லாம் இருந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்துக்கென்று அமெரிக்காவில் 1986-இல் சட்டத்தில் தனிப் பகுதியே சேர்த்தார்கள். பரிந்துரை வந்த 45 நாட்களுக்குள் பிள்ளையை மதிப்பிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டமும் வகுக்க வேண்டும் என்பது விதி. பேச்சுப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து, எங்கள் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு, எங்கள் கிண்ணங்களை வைத்தே கற்றுக்கொடுத்தார். அங்கும் குறை உண்டு. சேவைக்கு வருமானத்துக்கேற்பக் கட்டணம் உண்டு. மூன்று வயது நிறைந்ததும் அந்தச் சேவை முடிந்து, உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் வாசலில் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். ஆனால் பேச்சு வந்த பிறகு வா என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

"நம் பால்வாடி டீச்சரிடம் ஒரு வார்த்தை கேளேன்" என்று சொன்னது அம்மாதான். பலகைகளில் அங்கன்வாடி என்று மாறிப் பல காலம் ஆகியும் எங்கள் ஊரில் அது பால்வாடிதான். நாங்கள் சத்துமாவு உருண்டைக்கு வரிசையில் நின்ற அதே கட்டடம், ஓடு போய்க் கான்கிரீட் வந்திருக்கிறது. கட்டணப் பள்ளியைக் கனவு கண்ட வீட்டுக்கு அங்கே போவது கௌரவக் குறைவாக இருந்தது. இழுத்துக்கொண்டு போனேன்.

டீச்சர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. பாயில் உட்கார்ந்து, ஒரு தகர டப்பாவிலிருந்து புளியங்கொட்டையையும் மஞ்சாடியையும் கொட்டினார். இவன் வழக்கம்போலப் பிரித்து அடுக்கினான். அவர் கலைக்கவில்லை. தானும் எதிரில் ஒரு வரிசை அடுக்கினார். கொஞ்ச நேரத்தில் அவன் வரிசையில் ஒரு கொட்டை குறைந்தபோது, அவருடையதிலிருந்து எடுத்துக்கொண்டான். பின்னால் போய் டப்பா மூடியை மெல்லத் தட்டினார், உடனே திரும்பினான். பெயரைக் கூப்பிட்டார், திரும்பவில்லை. கொட்டைகளை டப்பாவில் போட்டு இறுக மூடி அவன் முன் வைத்தார். அவன் டப்பாவைக் காட்டவுமில்லை, அவர் முகத்தைப் பார்க்கவுமில்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, கையை மூடியின் மேல் கொண்டுபோய் வைத்தான்.

"காது கேட்கிற மாதிரிதான் இருக்கிறது அக்கா, இருந்தாலும் சோதித்துவிட வேண்டும். வேண்டியதை விரலால் காட்டவில்லை, என் கையைக் கருவியாக வைத்துக்கொள்கிறான். தள்ளிப்போடாதீர்கள்" என்றார்.

அந்தக் கண் எனக்குப் பிரமிப்பாக இருந்தது. சத்துமாவுக் கணக்கு, எடைப் பதிவேடு, கைப்பேசியில் ஏற்ற வேண்டிய விவரங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில், நியூஜெர்சியில் கேள்வித்தாளை வைத்துக் கண்டுபிடித்ததை இவர் ஒரு டப்பாவை வைத்துக் கண்டுபிடித்தார்.

பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்) என்ற மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் 2013-இல் வந்தது. அதன் நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து, பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால், இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சோதித்துச் சிறு வயதிலேயே பயிற்சி தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் பால்வாடியில் பெயர் பதிந்து போய் வந்திருந்தால், அந்தக் குழுவின் கண்ணில் முன்பே பட்டிருப்பான். காசு கட்டிப் படிக்க வைக்கத் தீர்மானித்த வீட்டின் பிள்ளை அந்த வலைக்கு வெளியே நின்றான். கட்டண மழலையர் பள்ளிக்கு அந்த வண்டி போவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்கச் சொல்கிறது. ஆனால் அதே சட்டம் இலவசக் கல்வி உரிமையை ஆறு வயதிலிருந்துதான் தருகிறது. இரண்டரை வயதில் வெளியே அனுப்பப்பட்டால் பெற்றோர் பிடித்துக்கொள்ளக் கையில் பெரிதாக ஒன்றுமில்லை.

இடையீட்டு மையத்தில் கூட்டம் நெருக்கியது. செவித்திறன் சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும். அவன் தூங்க மறுத்தான். சோதனை செய்த பெண் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, தாய் தட்டிக்கொடுக்கும் வரை சலிக்காமல் காத்திருந்தார். காது நன்றாக இருக்கிறது. ஆட்டிசமாக இருக்கலாம், தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றார்கள். பேச்சுப் பயிற்சியாளர் தாய்க்குச் சொன்னது எளிது: தோசையை முழுதாகத் தட்டில் வைக்காமல் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அவன் முகம் பார்க்கும் வரை காத்திருந்து கொடுக்க வேண்டும். அன்று இரவே அவள் தொடங்கிவிட்டாள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆனால் பயிற்சியாளர் ஒருவர், பிள்ளைகள் ஏராளம். அடுத்த முறை வாரங்கள் தள்ளித்தான். எங்கள் ஊரிலிருந்து பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். தென்காசி அருகே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-இல் தொடங்கிய தொண்டு நிறுவனமான அமர் சேவா சங்கம், கிராமப் பணியாளர்களைப் பழக்கி வீடு தேடி அனுப்பிப் பெற்றோருக்குப் பயிற்சி தருகிறது. பால்வாடி டீச்சரின் கண்ணும் அப்படி வீடு வரும் பயிற்சியும் ஒவ்வோர் ஒன்றியத்திலும் சேர்ந்தால் நியூஜெர்சியைப் பார்த்து நான் ஏங்க வேண்டியதில்லை. கட்டணப் பள்ளிகளுக்குள்ளும் ஆர்.பி.எஸ்.கே. வண்டி நுழைய வேண்டும். சேர்க்க மறுக்கும் பள்ளி, இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

மருமகன் இப்போது காலையில் பால்வாடிக்குப் போகிறான். அடுத்த ஜூனில் அந்த டவுன் பள்ளியிலேயே மறுபடி கேட்டுப் பார்க்கலாமா என்று தம்பி யோசிக்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஊரில் சிறு பிள்ளை உள்ள உறவினரோடு பேசும்போது, பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆகியிருந்தால், விரல் நீட்டிக் காட்டுகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், தடுப்பூசி அட்டையோடு அந்த வாரமே அங்கன்வாடிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகச் சொல்லுங்கள். இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை அங்கேயே கிடைக்கும், கட்டணம் கிடையாது.