பழைய வேட்டை ரைஃபிளின் வயது: வரிசை எண்ணை நம்புவதா, முத்திரையை நம்புவதா?

பழைய வேட்டை ரைஃபிள் ஒன்று கைக்கு வந்ததும், உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துவிட்டு, எல்லோரும் தேடுவது வரிசை எண்ணைத்தான். எண்ணைப் பட்டியலில் பார்த்து ஆண்டு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்த எண் சொல்வது ரிசீவரின் (சுடும் பாகங்களைத் தாங்கும் நடு உடல்) கதையை மட்டும்தான். பேரலில் (குழலில்) உள்ள குறியீடு பேரலைப் பற்றிப் பேசும். துப்பாக்கி பாதுகாப்பாகச் சுடுமா என்று பார்க்கும் சோதனைச் சாலையின் முத்திரை, அது எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று காட்டும். தொழிற்சாலைப் பதிவேடு அது எப்போது வெளியே போனது என்று சொல்லும். இந்த நான்கும் ஒரே ஆண்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

வரிசை எண்ணின் பலம் வேகம். அமெரிக்க நிறுவனமான வின்செஸ்டரின் மாடல் 70-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் அதன் வடிவமைப்பை மாற்றினார்கள், மாற்றத்துக்கு முந்தையவற்றுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம். பழைய வடிவம் 5,81,000-ஐ ஒட்டிய எண்ணோடு முடிகிறது, புதியது 7,00,000-இல் தொடங்குகிறது. ஆக எண்ணைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மாடல் 94-இலும் இதே கதைதான்: பழையது ஏறத்தாழ 26 லட்சத்தில் நிற்க, புதியது 27 லட்சத்தில் ஆரம்பிக்கிறது. மார்லின் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் ரைஃபிள்களில் இன்னும் எளிது. 1973 முதல் பல ஆண்டுகள், எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 100-இலிருந்து கழித்தால் ஆண்டு வந்துவிடும். 27 என்று தொடங்கினால் 1973.

பலவீனம் என்ன? வின்செஸ்டரில் எண் அடிக்கப்பட்டது ரிசீவரில். அந்த ரிசீவர் அலமாரியில் கிடந்து, மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோகூட முழு ரைஃபிளாக உருவாகியிருக்கலாம். மாடல் 94-க்குப் புழக்கத்தில் இருக்கும் ஆண்டுப் பட்டியல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பழைய பட்டியல் ஒன்று சொல்ல, தொழிற்சாலையின் சொந்தக் குறிப்புகள் வேறொன்று சொல்கின்றன. அமெரிக்காவில் 1898 அல்லது அதற்கு முன் செய்தது பழம்பொருள், அதற்குப் பின் செய்தது சட்டப்படி துப்பாக்கி. எல்லையை ஒட்டிய ரைஃபிளில் ஓராண்டு வித்தியாசம்கூட பெரிய விஷயம். இன்னொரு தவறையும் அடிக்கடி பார்க்கலாம். மாடல் 94-இன் பேரலில் "1894 ஆகஸ்ட் 21" என்று ஒரு தேதி இருக்கும். அது காப்புரிமைத் தேதி. பல பத்தாண்டுகள் கழித்துச் செய்த ரைஃபிளிலும் அதே தேதி இருக்கும்.

எண்ணே இல்லாத ரைஃபிள்களும் உண்டு. அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயமானது 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்கு முந்தைய மலிவான சிறு ரைஃபிள்கள் பலவற்றில் தொழிற்சாலையே எண் அடிக்கவில்லை. எண் இல்லை என்றதும் யாரோ அழித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். அரம் போட்ட தடம் தெரிந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டதை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம்.

சரி, பேரல் குறியீடு எப்படி? எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்க நிறுவனமான ரெமிங்டனின் முறை. ரிசீவரை ஒட்டி பேரலின் இடப்பக்கம் சின்ன எழுத்துகள் இருக்கும். முதலாவது மாதம், அடுத்தது ஆண்டு. மாதங்களுக்கு "பிளாக்பவுடர்எக்ஸ்" (BLACKPOWDERX) என்ற ஆங்கிலச் சொல்லின் 12 எழுத்துகளையும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு மாடல் 700-இல் "கே எல்" என்று இருப்பதாக வையுங்கள். கே ஐந்தாவது எழுத்து, ஆக மே மாதம். ஆண்டு எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால், எல் என்பது 1942, 1964, 1991 மூன்றுக்கும் பொருந்தும். மாடல் 700 வெளிவந்ததே 1962-இல் என்பதால் 1942 அடிபடுகிறது. மீதி இரண்டில் எது என்று பேரலால் சொல்ல முடியாது. இப்போது வரிசை எண்ணுக்குப் போங்கள். 1960களின் நடுவில் செய்தவற்றில் வெறும் இலக்கங்கள் இருக்கும். 1990களில் செய்தவற்றில் முன்னால் ஓர் எழுத்து இருக்கும். தனியாகத் தடுமாறிய இரண்டும் சேர்ந்ததும் விடை வந்துவிட்டது. ஆனால் பேரலை மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும், வேட்டை ரைஃபிளில் பேரல் மாற்றுவது சாதாரணம்.

ஐரோப்பிய ரைஃபிள் என்றால் நான் தயங்காமல் முத்திரைப் பக்கம் நிற்பேன். ஜெர்மனியின் சிறு பட்டறைகளில் செய்தவற்றுக்கு எண் பட்டியல் கிடைப்பதே அரிது. ஆனால் பேரலின் அடியில் 427 என்று இருந்தால், பெரும்பாலும் 1927 ஏப்ரலில் சோதிக்கப்பட்டது என்று பொருள். கிரீடம் போட்ட எழுத்துகள் 1891 சட்டத்தின் வழி வந்தவை. கழுகு போட்டவை 1940 ஏப்ரலுக்குப் பிந்தையவை. 1813-இல் நிறுவப்பட்ட, இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைச் சாலை 1921 முதல் 1941 வரையும், பிறகு 1950 முதலும் ஆண்டுக்கு ஓர் எழுத்து வைத்து முத்திரை அடித்தது. "இங்கிலாந்தில் செய்ததல்ல" என்ற வாசகம் இருந்தால் அது 1925-க்கும் 1955-க்கும் இடையில் அங்கே சோதிக்கப்பட்ட வெளிநாட்டுத் துப்பாக்கி. முத்திரையைப் பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் மறுசோதனை நடந்திருந்தால் புதிய முத்திரை பழைய துப்பாக்கியை இளமையாக்கிக் காட்டிவிடும்.

பதிவேடு கிடைத்தால் அதுவே உசத்தி. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கோடி (Cody) என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பழைய வின்செஸ்டர் பதிவேடுகள் இருக்கின்றன. கேட்டால் கட்டணத்துக்குக் கடிதம் தருவார்கள். எண் எப்போது அடித்தார்கள், கிடங்குக்கு எப்போது வந்தது, எப்போது அனுப்பினார்கள் என்பதோடு, பேரலின் வடிவம், ட்ரிகர் வகை வரை அதில் இருக்கக்கூடும். ஆனால் மாடல் 94-க்கு 3,53,999 வரைதான் பதிவு உண்டு. அதிக விலை கொடுத்து வாங்கும் ரைஃபிள் அந்த எல்லைக்குள் வந்தால், கடிதம் இல்லாமல் பணத்தை எண்ணிக் கொடுக்க மாட்டேன். எல்லைக்கு வெளியே போனால் எண்ணையும் பேரலையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே வழி. 1964-க்கு முந்தைய மாடல் 70-இல் அடிக்கட்டையைக் கழற்றினால் பேரலின் அடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும்.

அப்புறம், முத்திரை தெளிவாகத் தெரியவில்லை என்று கம்பி பிரஷ் எடுத்துத் தேய்க்காதீர்கள். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மழுங்கி இருக்கிறதா என்பதை வைத்துத்தான் பிற்பாடு யாரும் மறுபடி அடித்தார்களா என்று கண்டுபிடிக்க முடியும். எண்ணெயைத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும், எழுத்து எழும்பித் தெரியும்.