முழு ஓய்வா, மெதுவோட்டமா?

சென்னையின் ஜனவரி மாரத்தானுக்காக காசிமேடு, திருவொற்றியூர் கடலோரச் சாலையில் ஓடுபவர்கள் டிசம்பரில் கேட்பது இதுதான்: கால் கனக்கிறது, தூக்கம் கெட்டுவிட்டது, ஓட்டத்தை நிறுத்தவா, குறைக்கவா?

செலவு: இரண்டுக்கும் காசு செலவில்லை.

நாள்: வெறும் அசதி என்றால், குறைத்து ஓடினாலே ஒன்றிரண்டு வாரத்தில் தெளியும். உண்மையான ஓவர்ட்ரெயினிங், அதாவது உடல் தாங்காத அளவு பயிற்சி செய்து வரும் ஆழ்ந்த சோர்வு, மாதக்கணக்கில் இழுக்கும். அதற்கு முழு ஓய்வுதான்.

கடைப்பிடிப்பது: ஓய்வு எளிது என்று நினைப்போம். மூன்றாம் நாளே ஷூ கண்ணை உறுத்தும். மெதுவோட்டம் மனசுக்கு இதம், ஆனால் ஏமாற்றும். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் மெதுவோட்டம். யாராவது முந்தினால் அந்தக் கணக்கு காலி. நானும் அப்படிக் கெட்டவன்தான்.

எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை எண்ணுங்கள். வழக்கமான எண்ணிக்கையே இருந்து கால் மட்டும் வலித்தால் மெதுவோட்டம், நடை, சைக்கிள். பல நாள் நாடி கூடியே இருந்து, எரிச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டு வார ஓய்விலும் தெளியவில்லையா? மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் இதே வேஷத்தில் வரும். அப்புறம், ஓய்வு என்று சோற்றைக் குறைக்காதீர்கள். காசிமேட்டு மீனும் சேரட்டும்.