சந்திராவா, ஸ்விஃப்டா? எம்82இன் எக்ஸ் கதிர் மூலங்களைத் தொடர எது ஏற்றது

சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்82 விண்மீன் திரளின் பிரகாசமான எக்ஸ் கதிர் மூலங்கள் காலப்போக்கில் மாறுவதை ஆராய்வோர், 1999இல் ஏவப்பட்ட சந்திரா என்னும் விண்வெளி எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் தரவைக் கொள்வதா, 2004இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் என்னும் விண்வெளித் தொலைநோக்கியின் தரவைக் கொள்வதா எனத் தயங்குவது இயல்பே.

கூர்மை (எண் சிறிதாக இருந்தால் படம் கூர்மையானது): சந்திராவுக்கு ஏறத்தாழ அரை விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு), ஸ்விஃப்டுக்குச் சுமார் 18 விகலை.
தொடர்ச்சி: சந்திராவின் நேரம் அரிதாகவே கிடைக்கும், ஸ்விஃப்ட் விரைந்து திரும்பிச் சில நாள்களுக்கு ஒருமுறை, மாதக்கணக்கில் நோக்கவல்லது.

எம்82ஐப் பொறுத்தவரை கூர்மையே முக்கியம் என்பது என் கருத்து. அதன் எக்ஸ்-1, எக்ஸ்-2 ஆகிய இரு மூலங்களும் 5 விகலை இடைவெளியில் இருப்பதால், ஸ்விஃப்டின் படத்தில் அவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அங்கு தென்பட்ட சுமார் 60 நாள் ஏற்ற இறக்கம் முதலில் எக்ஸ்-1க்கு உரியதாகக் கருதப்பட்டது. அது துடிப்பு விண்மீனான (சுழன்றபடி சீரான இடைவெளியில் துடிப்பது) எக்ஸ்-2இனுடையது என்பதை 2019இல் சந்திராவின் தரவே காட்டியது. (அதன் 1.37 விநாடித் துடிப்பை 2014இல் வெளிப்படுத்தியதோ இவ்விரண்டுமல்ல, நூஸ்டார் என்னும் மற்றொரு எக்ஸ் கதிர் தொலைநோக்கி.)

எனவே நெருங்கிய மூலங்களைப் பிரித்தறியச் சந்திராவையும், தனித்து நிற்கும் மூலத்தின் நீண்ட சுழற்சியைத் தேட ஸ்விஃப்டையும் நாடலாம். என்ஜிசி 5907 என்னும் விண்மீன் திரளிலுள்ள ஒரு மூலத்தின் 78 நாள் சுழற்சி ஸ்விஃப்டின் தரவில்தான் புலப்பட்டது.