பழைய அலுமாரியைப் பட்டறைக்கு அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

திருகோணமலையில் வீட்டில் சும்மா கிடக்கும் முதிரை, தேக்குத் தளபாடங்களைக் குசினிக்கு ஏற்றமாதிரி மாற்றிச் செய்யக் கொடுக்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பென்ட்ரி கபட் விற்கிற விலையில் அது நல்ல யோசனைதான். ஆனால் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் மரம் போய்விட்டது, உங்களுடையதாவது மிஞ்சட்டும்.

அது அம்மம்மாவின் இரட்டைக் கதவு அலுமாரி. நிலாவெளி வீட்டில் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உள்ளே வந்தபோது முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தப்பிய சாமான். கதவுகளின் அடிப்பக்கத்தில் குறுக்காக ஒரு கறுத்த கோடு, உப்புத்தண்ணீர் ஏறி நின்ற அளவு. பிறகு எத்தனை தரம் வார்னிஷ் அடித்தும் அது போகவில்லை. காலப்போக்கில் தட்டு உடைந்து, கண்ணாடி மங்கி, எங்கள் உவர்மலை வீட்டுப் பின்விறாந்தையில் பழைய பேப்பரும் தேங்காயும் போடுகிற இடமாகிவிட்டது.

பட்டறைக்காரரிடம் நாங்கள் கேட்டது இவ்வளவுதான். மேல்பாதியை வெட்டிவிட்டு, கீழ்ப்பாதியை மூன்றடி உயரத்தில் காய்கறி வெட்டும் மேசையாக்க வேண்டும். வெட்டி எடுக்கும் பலகைகளை ஒட்டி மேல்தட்டாகப் போட வேண்டும். அடியிலுள்ள இரண்டு லாச்சியும் அப்படியே இருக்க வேண்டும். "அக்கா, இது அசல் முதிரை. இப்படி மரம் இனி எடுக்க ஏலாது. பயப்படாதீங்க, தங்கமாச் செய்து தாறன்" என்றார். மரத்தின் பெறுமதி அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கூலி 48,000 ரூபா, அதில் முற்பணம் 30,000 வங்கியில் போட்டோம். பட்டா லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சொன்ன திகதி போய், அடுத்த திகதியும் போய், ஒருவழியாக வந்து சேர்ந்தது. பார்க்க வடிவுதான். கடும் மண்ணிற வார்னிஷ், பளபளக்கும் புதுப் பிணைச்சல். கறுத்த கோட்டைக் காணவில்லை. கேட்டால், மெஷினில் தேய்த்ததில் போய்விட்டது என்றார். கண்ணாடி ஏற்றும்போது உடைந்துவிட்டதாம். பித்தளைப் பூட்டுக்குப் பதிலே இல்லை. மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு, பற்றுச்சீட்டுக் கேட்டபோது "நாங்க ஊர்க்காரர்தானே அக்கா" என்று சிரித்தார்.

ஐப்பசி மழையோடு வண்டவாளம் வெளியே வந்தது. சிங்க் பக்கத்து ஓரம் தேத்தண்ணீரில் ஊறின பிஸ்கட் மாதிரிப் பொங்கியது. நகத்தால் கிள்ளினால் உதிர்ந்தது. மேல்தட்டு முழுக்க எம்.டி.எப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்கிற பலகை. மேலே மரத் தோற்றத்தில் ஒரு மெல்லிய தாள். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு அதைக் கொண்டுவரவே கூடாது. கதவைக் கழற்றிப் பார்த்தோம். ஆணி இறங்கிய துளைக்குள் வெளிறிய, இலேசான ஏதோ மரம். லாச்சி முகப்பு இரண்டு மட்டும்தான் எங்களுடையது. அதன் உட்புறத்தைச் சுரண்டியபோது பொன்மஞ்சள் நிறமும் சரித்துப் பிடித்தால் நெளிந்தோடும் ரேகையும் தெரிந்தன. கடும் நிறத்தில் வார்னிஷ் அடித்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

கோல் எடுத்தால் கதை மாறுகிறது. "பழைய பலகை எல்லாம் உளுத்துப்போய் இருந்தது அக்கா, உங்கட நல்லதுக்குத்தான் மாத்தினனான்." சரி, உளுத்த பலகையைத் தாருங்கள் என்றால், விறகுக்குப் போய்விட்டதாம். கடல் ஏறியும் உளுக்காத வைரம் பாய்ந்த முதிரை, அவருடைய பட்டறைக்குப் போனவுடன் உளுத்துவிட்டது! முதிரையை வெட்டவும் ஏற்றவும் அனுமதி எடுக்க வேண்டும். புதுப் பலகை இலேசில் கிடைக்காது. எங்கள் பழைய அலுமாரிகள்தான் இப்படிப்பட்டவர்களுக்கு மரக்காலை.

எல்லா ஓடாவிமாரையும் சொல்லவில்லை. சாம்பல்தீவில் மாமாவின் பழைய கட்டிலை ஒரு வயதான ஓடாவியார் வீட்டு முற்றத்திலேயே இருந்து பாத்திர றாக்கையாக்கிக் கொடுத்தார், விழுந்த துண்டுகளில் ஒரு முக்காலியும் அடித்துத் தந்தார். முடிந்தால் அப்படிச் செய்வியுங்கள். கூலி கொஞ்சம் கூடும், சாப்பாடு கொடுக்க வேண்டும், முற்றமெல்லாம் மரத்தூள். பரவாயில்லை.

பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு பலகையின் உட்புறத்தையும் படம் எடுங்கள். மறைவான இடத்தில் உளியால் அடையாளம் வெட்டுங்கள், பேனையால் எழுதினால் தேய்த்துவிடுவார்கள். மிஞ்சும் துண்டுகளும் பூட்டும் திரும்பி வர வேண்டும் என்று கூலி பேசும்போதே எழுதி வாங்குங்கள். வந்ததும் குனிந்து பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை ஓரத்திலும் தொடர்ந்தால் மரம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். வங்கிச் சிட்டையையும் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவையும் வைத்துக் கொடுத்திருக்கிறோம். அது முடியும்வரை பெயரைப் போடவில்லை. ஆள் இப்போதும் முகநூலில் விளம்பரம் போடுகிறார், எல்லாப் படத்திலும் அதே கடும் மண்ணிற வார்னிஷ்.